பயனர் நினைவகத்தைக் கெர்னல் தொடும் வழிகள்: டிரைவர் எழுதுபவர் எதை எடுப்பது?

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடி ஒரு கருவியை இயக்கும் டிரைவரை எழுதுபவர் சீக்கிரமே எடுத்தாக வேண்டிய முடிவு ஒன்று உண்டு. பயனர் நிரல், டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் அழைப்பு வழியாக ஒரு பாயின்டரை, அதாவது ஒரு நினைவக முகவரியை, நீட்டுகிறது. அந்த முகவரியில் இருப்பதை டிரைவர் படிக்க வேண்டும், அல்லது அங்கே எதையாவது எழுத வேண்டும். இதற்குக் கெர்னல் பல வழிகளைத் தருகிறது. காப்பி_ஃப்ரம்_யூசர், காப்பி_டு_யூசர் என்று மொத்தமாகப் பிரதி எடுக்கலாம். கெட்_யூசர், புட்_யூசர் என்று ஒரே ஒரு மதிப்பை மட்டும் கொண்டுவரலாம். யூசர்_அக்சஸ்_பிகின் என்று தொடங்கிப் பல மதிப்புகளை ஒரு கொத்தாகப் படிக்கலாம். பயனரின் பேஜ்களையே (நினைவகம் பிரிக்கப்படும் துண்டுகள்) பிடித்துவைத்து அவற்றின் மேல் நேரடியாக வேலை செய்யலாம். அல்லது தலைகீழாக, கெர்னலின் பஃபரைப் பயனருக்கு எம்மேப் செய்து, அதாவது அவருடைய முகவரி வெளியில் தெரியும்படி வைத்து, கொடுத்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு வழி கட்டாயம் என்று அளந்து காட்ட முடியாதவரை, பிரதி எடுப்பதுதான் சரி. பிரதி எடுத்தால் மெதுவாகிவிடும் என்ற பயம் பெரும்பாலும் அளக்காமலே வருவது. பிரதி என்பது தரவை அங்கிருந்து இங்கே நகர்த்தும் வேலை மட்டும் இல்லை. பயனர் இனி மாற்ற முடியாத ஒரு மதிப்பு நம் கைக்கு வருவதும் அதனால்தான். மற்ற வழிகளில் கிடைக்கும் வேகத்துக்கு விலையாக இதைத்தான் விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்கலாம், ஆனால் தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

நேரடியாகப் படித்தால் என்ன?

சி மொழியில் பாயின்டர் கையில் இருந்தால் நட்சத்திரக் குறி போட்டுப் படித்துவிடலாமே என்று தோன்றும். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86-இல் சிஸ்டம் காலுக்குள் (பயனர் நிரல் கெர்னலை அழைக்கும் அழைப்பு) இருக்கும்போதும் பயனரின் நினைவகம் அதே முகவரியில்தான் தெரிகிறது. பழைய கணினிகளில் இப்படிப் படித்தால் வேலையும் செய்யும். வேலை செய்துவிடுவதுதான் ஆபத்து.

முதலில், அந்த முகவரி பயனருடையதுதான் என்று யார் சொன்னது? 64-பிட் எக்ஸ்86-இல், முகவரிகளை நினைவக இடங்களோடு இணைக்கும் பேஜ் டேபிள் நான்கு அடுக்காக இருக்கும்போது, பயனருக்கு 47 பிட், அதாவது 128 டெராபைட் முகவரி வெளி. மேல் பாதி கெர்னலுக்கு. பயனர் வேண்டுமென்றே மேல் பாதியிலிருந்து ஒரு முகவரியைக் கொடுத்தால், தன்னால் தொட முடியாத இடத்தைக் கெர்னலை விட்டே படிக்கவைத்துவிடுவார். டிரைவர் அங்கே எழுதுகிறது என்றால் கதை இன்னும் மோசம்.

அடுத்து, அந்த பேஜ் இப்போது நினைவகத்தில் இருக்கிறதா என்பதே தெரியாது. பொதுவாக வட்டில் இருக்கும் ஸ்வாப் இடத்தில் கிடக்கலாம், கோப்பிலிருந்து இன்னும் ஏறாமல் இருக்கலாம், அப்படி ஒரு பேஜே இல்லாமலும் இருக்கலாம். இல்லாத முகவரியைக் கெர்னல் நேரடியாகத் தொட்டால் ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைச் செய்தியோடு நின்றுபோகும்.

இப்போதைய வன்பொருள் நேரடியாகத் தொடவே விடுவதில்லை. இன்டெல் பிராட்வெல் தலைமுறையில் வந்த ஸ்மாப் வசதி, கெர்னல் நிலையில் ஓடும்போது பயனர் பேஜைத் தொட்டால் உடனே ஃபால்ட், அதாவது பிராசசர் ஓட்டத்தை நிறுத்தி எழுப்பும் பிழை, கொடுக்கும். ஆர்ம் பக்கத்தில் வி8.1-இல் பான் என்ற பெயரில் அதே காவல் உண்டு. ரிஸ்க்-வியில் எஸ்எஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் சம் பிட். ஐபிஎம்மின் எஸ்390-இலோ கெர்னலுக்கும் பயனருக்கும் முகவரி வெளிகளே தனித்தனி. அங்கே பயனர் முகவரியை நட்சத்திரக் குறி போட்டுப் படித்தால், கெர்னல் வெளியில் அதே எண்ணில் இருக்கும் சம்பந்தமில்லாத இடத்தைத்தான் படிப்பீர்கள். ஆக நேரடி வாசிப்பு என்பது தேர்வுப் பட்டியலிலேயே இல்லை.

காப்பி_ஃப்ரம்_யூசர் உள்ளே நடப்பது

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் இதில் எதையோ ஒன்றைக் கழற்றிவிட்டவைதான்.

முதலில் அக்சஸ்_ஓகே. கொடுத்த முகவரியும் நீளமும் பயனர் பாதிக்குள் அடங்குகின்றனவா என்று மட்டும் இது பார்க்கிறது. பேஜ் இருக்கிறதா, எழுத அனுமதி உண்டா என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்து 'அக்சஸ் ஓகே, இனி பயமில்லை' என்று நினைப்பவர்கள் நிறைய. இது எல்லைக்கோட்டுச் சோதனை, அவ்வளவுதான்.

அடுத்து, எக்ஸ்86-இல் ஸ்டாக் என்ற கட்டளை. கொடி ரெஜிஸ்டரின் ஏசி பிட்டை ஏற்றி ஸ்மாப் காவலைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. பிறகு பிரதி எடுக்கும் கட்டளைகள் ஓடுகின்றன. முடிந்ததும் கிளாக் கட்டளை காவலைத் திரும்பப் போடுகிறது. ஸ்மாப் இல்லாத பிராசசரில் கெர்னல் பூட் ஆகும்போதே இந்த இரண்டு கட்டளைகளும் ஒன்றும் செய்யாத நாப் கட்டளைகளாக இருந்துவிடும்.

நடுவில் பேஜ் இல்லையென்றால்? பிராசசர் ஃபால்ட் எழுப்புகிறது. அந்த முகவரி பயனரின் சரியான வரைபடத்துக்குள் வருகிறது என்றால், ஃபால்ட் ஹேண்ட்லர் பேஜைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்ற கட்டளையிலிருந்தே ஓட்டத்தைத் தொடரும். காப்பி_ஃப்ரம்_யூசருக்கு இடையில் எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. முகவரி தப்பானது என்றால், ஹேண்ட்லர் விதிவிலக்கு அட்டவணையைப் பார்க்கிறது. பயனர் நினைவகத்தைத் தொடக்கூடிய ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த அட்டவணையில் ஒரு பதிவு உண்டு: இந்தக் கட்டளையில் ஃபால்ட் வந்தால் ஓட்டத்தை இந்த இடத்துக்குத் திருப்பு என்று. திருப்பிய இடத்தில் பிரதி ஆகாமல் மிஞ்சிய பைட் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. டிரைவர் அதைப் பார்த்துப் பயனருக்கு இஃபால்ட் (தவறான முகவரி) பிழையைக் கொடுக்கிறது. கெர்னல் விழுவதில்லை.

இந்த வடிவமைப்பின் அழகு, நல்ல முகவரிக்கு முன்கூட்டிச் சோதிக்கும் செலவு ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதில் இருக்கிறது. இதற்கு முந்தைய முறையைப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். ஆரம்ப கால லினக்ஸ் பயனர் தரவைத் தொட எஃப்எஸ் செக்மென்ட் ரெஜிஸ்டரைப் பயன்படுத்தியது. தொடுவதற்கு முன் வெரிஃபை_ஏரியா என்ற ஃபங்ஷன் முகவரியைச் சோதித்தது. 80386-இல் இன்னொரு தொல்லை: கெர்னல் நிலையில் எழுதும்போது அந்தப் பிராசசர் 'படிக்க மட்டும்' என்ற பேஜ் பாதுகாப்பை மதிக்காது. ஒரு பிராசஸ் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும் ஃபோர்க்குக்குப் பிறகு பெற்றோரும் பிள்ளையும் பகிர்ந்துகொண்டிருக்கும் பேஜில் கெர்னல் எழுதினால், தனிப்பிரதி உண்டாகாமல் இருவருக்கும் சேர்த்து மாறிவிடும். அதனால் எழுதும் முன் ஒவ்வொரு பேஜாகப் பார்த்துத் தனிப்பிரதி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. 80486-இல் சிஆர்0 ரெஜிஸ்டருக்கு டபிள்யூபி பிட் வந்த பிறகுதான் வன்பொருளே இதைப் பார்த்துக்கொண்டது. லினக்ஸ் 2.1 வரிசையில் விதிவிலக்கு அட்டவணை வந்து, முன்கூட்டிச் சோதிப்பது போய், தொட்டுப் பார்த்துத் தவறினால் சமாளிப்பது வழக்கமானது. 80386 ஆதரவையே லினக்ஸ் 3.8-இல் கழற்றிவிட்டார்கள்.

பயன்படுத்தும்போது மறக்கக் கூடாத சில விஷயங்கள். காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்பித் தருவது பிழை எண் இல்லை, பிரதி ஆகாத பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே ஐஆக்டிலின் விடையாகத் திருப்பினால் பயனருக்கு ஏதோ ஒரு நேர்ம எண் போகும். தோல்வி என்றே தெரியாது. பாதியில் நின்றால் மீதி இலக்கைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும், அது நல்லது. ஆனால் எதிர்த்திசையில், காப்பி_டு_யூசரில், அப்படி ஒரு காவல் இல்லை. ஸ்டேக்கில் (ஃபங்ஷனின் உள் மாறிகள் இருக்கும் இடம்) ஒரு ஸ்ட்ரக்ட்டை அறிவித்து, புலங்களை மட்டும் நிரப்பி அனுப்பினால், புலங்களுக்கு நடுவே கம்பைலர் விட்ட இடைவெளி பைட்டுகளில் கெர்னல் ஸ்டேக்கின் பழைய மிச்சம் பயனருக்குப் போய்ச் சேரும். முதலில் மெம்செட் போட்டுவிட்டு நிரப்புங்கள்.

லினக்ஸ் 4.8-இல் வந்த ஹார்டன்ட் யூசர்காப்பி வசதி கெர்னல் பக்கத்து முகவரியையும் சோதிக்கிறது: பிரதி எடுக்கும் நீளம் கெர்னல் ஒதுக்கிய அந்த நினைவகத் துண்டின் (ஸ்லாப் பொருள்) எல்லையைத் தாண்டுகிறதா என்று. மற்ற வழிகளுக்குப் போனால் இந்தக் கூடுதல் காவலும் கூட வராது.

ஒற்றை மதிப்புக்கு கெட்_யூசர்

ஒரே ஒரு இன்டிஜர் வேண்டும் என்றால் கெட்_யூசர் போதும். எல்லைச் சோதனை, காவல் நீக்கம், விதிவிலக்கு அட்டவணை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சரியென்றால் பூஜ்யம், இல்லையென்றால் இஃபால்ட். இதில் தேர்வு செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: ஸ்ட்ரக்ட்டின் ஐந்து புலங்களுக்கு ஐந்து கெட்_யூசர் எழுதாதீர்கள். ஐந்து முறை காவலை இறக்கி ஏற்றுவது வீண் செலவு. அதைவிட முக்கியம், ஐந்து வெவ்வேறு நேரங்களில் படித்த ஐந்து மதிப்புகள் ஒரே ஸ்ட்ரக்ட்டின் மதிப்புகள் என்று சொல்ல முடியாது.

இந்தச் சின்ன ஃபங்ஷனில் ஒரு சோதனை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு சிவிஇ-2013-6282 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை சாட்சி. ஆர்ம் வி6கே, வி7 கட்டமைப்புகளில் கெட்_யூசரும் புட்_யூசரும் எல்லைச் சோதனையே செய்யாமல் இருந்தன. கெர்னல் முகவரியைக் கொடுத்தால் அங்கேயே படித்தன, அங்கேயே எழுதின. 2013-இல் ஆண்ட்ராய்டு போன்கள் மேல் இது உண்மையாகவே பயன்படுத்தப்பட்டது. டிரைவர் எழுதியவர்கள் எல்லோரும் சரியான ஃபங்ஷனைத்தான் அழைத்திருந்தார்கள், அடித்தளத்திலேயே ஓட்டை.

கொத்தாகப் படிக்கும் வழி, வெயிட்ஐடி கற்றுத்தந்தது

ஸ்டாக், கிளாக் கட்டளைகளுக்குச் செலவு உண்டு. சிக்னல் ஃபிரேம் எழுதுவது மாதிரியான இடங்களில் பல சின்னப் புலங்களை அடுத்தடுத்து எழுத வேண்டும். அங்கே ஒவ்வொரு புலத்துக்கும் காவலை இறக்கி ஏற்றாமல், யூசர்_அக்சஸ்_பிகின் என்று ஒருமுறை இறக்கி, அன்சேஃப்_புட்_யூசரால் வரிசையாக எழுதி, யூசர்_அக்சஸ்_எண்ட் என்று முடிக்கலாம்.

லினக்ஸ் 4.13-இல் வெயிட்ஐடி சிஸ்டம் காலை இந்த முறைக்கு மாற்றினார்கள். அப்போது யூசர்_அக்சஸ்_பிகின் எந்த முகவரியையும் வாங்கிக்கொள்ளாது. காவலை மட்டும் இறக்கும். எல்லைச் சோதனையை அழைப்பவர் தனியாகச் செய்ய வேண்டும். வெயிட்ஐடியில் அந்த அக்சஸ்_ஓகே விடுபட்டுப்போனது. பிள்ளைப் பிராசஸ் முடிந்த தகவலை எழுத வேண்டிய இடமாகப் பயனர் ஒரு கெர்னல் முகவரியைக் கொடுத்தால், கெர்னல் பணிவாக அங்கேயே எழுதியது. சாதாரணப் பயனர் ரூட் ஆவதற்கு இது போதும். சிவிஇ-2017-5123 என்று பதிவாகி அக்டோபர் 2017-இல் சரிசெய்யப்பட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. சரிசெய்ததோடு நிற்காமல், 5.0-இல் யூசர்_அக்சஸ்_பிகின் முகவரியையும் நீளத்தையும் வாங்கிக்கொண்டு எல்லைச் சோதனையைத் தானே செய்யும்படி மாற்றினார்கள். 5.2 முதல், கெர்னலின் இயந்திரக் குறிமுறையைச் சோதிக்கும் ஆப்ஜ்டூல் கருவி, காவல் இறங்கியிருக்கும் பகுதிக்குள் வேறு ஃபங்ஷன் ஏதாவது அழைக்கப்படுகிறதா என்று கட்டமைக்கும்போதே பார்த்து எச்சரிக்கிறது. மறக்க முடியாதபடி இடைமுகத்தையே மாற்றினார்கள். அதே மனநிலையில்தான் செட்_எஃப்எஸ் ஃபங்ஷனையும் பல பதிப்புகளாகப் பிடுங்கி, 5.18-இல் முழுவதுமாக எடுத்தார்கள். எல்லைக்கோட்டையே தற்காலிகமாக அழித்துவிட்டு, திரும்பப் போட மறந்தால் கெர்னல் முழுக்கத் திறந்துகிடக்கும்படி வைத்திருந்த பழைய வசதி அது.

டிரைவருக்கு இந்தக் கொத்து முறை தேவையா? அநேகமாக இல்லை. இது கெர்னல் மையத்தின் சூடான பாதைகளுக்கானது. ஒரு ஐஆக்டிலில் இதை எழுதுவதைவிட முழு ஸ்ட்ரக்ட்டையும் ஒரே காப்பி_ஃப்ரம்_யூசரில் எடுப்பது எளிது, பத்திரம்.

இருமுறை படிக்கும் தவறு

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான். பயனர் நிரலுக்கு இன்னொரு திரெட் (கூடவே ஓடும் இன்னொரு ஓட்டம்) இருக்கலாம். நீங்கள் மதிப்பைச் சோதித்த பிறகு, பயன்படுத்துவதற்குள், அந்தத் திரெட் அதை மாற்றிவிடலாம்.

அடாப்டெக் ரெய்டு அட்டைகளுக்கான ஆக்ரெய்டு டிரைவரில் நடந்ததைப் பாருங்கள். செய்தியின் நீளம் தலைப்பகுதியில் இருக்கிறது. டிரைவர் முதலில் தலைப்பகுதியை மட்டும் பிரதி எடுத்தது, நீளத்தைப் பார்த்து அந்த அளவுக்கு இடம் ஒதுக்கியது, பிறகு முழுச் செய்தியையும் மறுபடி முதலிலிருந்து பிரதி எடுத்தது. இரண்டாவது பிரதியில் தலைப்பகுதியும் சேர்ந்தே வருகிறது. அதற்குள் பயனர் நீளத்தை மாற்றியிருந்தால், ஒதுக்கியது ஓர் அளவு, அதன்பின் செய்தி சொல்வது வேறோர் அளவு. சிவிஇ-2016-6480. இரண்டாவது பிரதிக்குப் பிறகு நீளத்தை முதல் மதிப்போடு மறுபடி ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். இரண்டு முறையும் முறையான ஃபங்ஷனைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காப்பி_ஃப்ரம்_யூசர் ஒவ்வொரு முறையும் பத்திரம். இரண்டு முறை அழைத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு உத்தரவாதமும் இல்லை.

அவ்வளவு சின்ன இடைவெளியில் யார் புகுந்து மாற்றப்போகிறார்கள் என்று கேட்கலாம். இடைவெளியை வேண்டிய அளவு நீட்ட முடியும். லினக்ஸ் 4.3-இல் வந்த யூசர்ஃபால்ட்எஃப்டி வசதியில், ஒரு பேஜுக்கான ஃபால்ட்டைப் பயனர் நிரலே கையாளலாம். முதல் பிரதி ஒரு பேஜிலும் அடுத்தது ஃபால்ட் ஆகும் இன்னொரு பேஜைத் தொட்டும் அமையும்படி வைத்தால், கெர்னல் பிரதியின் நடுவில் தூங்கும், பயனர் பதில் சொல்லும்வரை. அந்த நேரத்தில் நிதானமாக மாற்ற வேண்டியதை மாற்றலாம். இதனால்தான் 5.11 முதல் சாதாரணப் பயனர்கள் கெர்னல் நிலையில் எழும் ஃபால்ட்டுகளை இப்படிப் பிடிக்க முன்னிருப்பாக அனுமதி இல்லை. ஆனால் பயனர் நிரலே நடத்தும் ஃபியூஸ் கோப்பு முறைமையிலிருந்து எம்மேப் செய்த பேஜிலும் இதே தந்திரம் நடக்கும். காலம் குறைவு என்பது பாதுகாப்பு ஆகாது.

நீளம் மாறும் ஸ்ட்ரக்ட் என்றால் 5.4-இல் வந்த காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசரைப் பாருங்கள். பயனர் தன் ஸ்ட்ரக்ட்டின் அளவைத் தனி அளவுருவாகக் கொடுப்பார். கெர்னலின் ஸ்ட்ரக்ட் பெரிதென்றால் மீதி பூஜ்யம் ஆகும், சிறிதென்றால் உபரி பைட்டுகள் எல்லாம் பூஜ்யம்தானா என்று பார்க்கும். கோப்பைத் திறக்கும் ஓபன்ஏட்2 இப்படித்தான் செய்கிறது. கெர்னலின் ரஸ்ட் பகுதியில் இருக்கும் யூசர்ஸ்லைஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது: படிக்கப் படிக்க இடம் முன்னேறுவதால், படித்த பைட்டுகளைத் தவறுதலாக மறுபடி படிப்பது கடினம்.

பேஜ்களைப் பிடித்துவைப்பது

சரி, பிரதி எப்போது கட்டுப்படியாகாது? ஒரு கேமரா டிரைவரை எடுத்துக்கொள்வோம். 1920-க்கு 1080 பிக்சல், ஒய்யுஒய்வி வடிவம், பிக்சலுக்கு 2 பைட். ஒரு ஃபிரேம் 41,47,200 பைட். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 124 மெகாபைட். நொடிக்குப் பல ஜிகாபைட் நகர்த்தும் நினைவகத்தில் இது பெரிய பாரம் இல்லை. பிரதி எடுத்தே சமாளிக்கலாம். அதையே 3840-க்கு 2160 ஆக்கி, நொடிக்கு 60 ஃபிரேம் ஆக்கினால் நொடிக்கு 995 மெகாபைட். பிரதி எடுக்கும்போது ஒருமுறை படித்து ஒருமுறை எழுத வேண்டும் என்பதால் நினைவகப் போக்குவரத்து சுமார் 2 ஜிகாபைட். கேஷில் இருந்த மற்ற தரவையும் அது தள்ளிவிடும். சின்ன எம்பெடட் போர்டில் இது தெரியும்படியே வலிக்கும். இங்கேதான் வேறு வழி தேட நியாயம் பிறக்கிறது.

பின்_யூசர்_பேஜஸ், பயனரின் பஃபர் இருக்கும் பேஜ்களை இடம் மாறாமலும் வெளியேறாமலும் நிறுத்திவைத்து, அவற்றின் பட்டியலைத் தருகிறது. அதை டிஎம்ஏவுக்கு (கருவியே பிராசசரின் உதவியின்றி நினைவகத்தைத் தொடும் வசதி) கொடுத்தால் வன்பொருள் நேரடியாகப் பயனரின் பேஜில் எழுதும். மேலே சொன்ன சின்ன ஃபிரேமுக்கே 4 கிலோபைட் பேஜாகக் குறைந்தது 1,013 பேஜ் வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிடித்து விடுவித்தால், அந்தச் செலவே பிரதியின் செலவை நெருங்கலாம். அதனால் ஒருமுறை பிடித்து நெடுநேரம் வைத்திருக்கத் தோன்றும். அப்படி வைத்தால் ஃபோல்_லாங்டெர்ம் கொடியைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்தக்கூடிய பகுதியில் இருக்கும் பேஜ்களை நீங்கள் முடக்கிவைத்துவிடுவீர்கள்.

பேஜ்களைப் பிடித்துவைப்பதோடு சேரும் பொறுப்புகள் இன்னும் உண்டு. விடுவிக்கும் முன் பேஜ் மாறியது என்று குறிக்க வேண்டும். மறந்தால் தரவு காணாமல் போகும். எவ்வளவு நினைவகம் முடங்குகிறது என்று டிரைவர்தான் கணக்கு வைக்க வேண்டும். ஒருவர் முடக்கிவைக்கக்கூடிய நினைவகத்துக்கான மெம்லாக் வரம்பு முன்பு 64 கிலோபைட், 5.16 முதல் முன்னிருப்பாக 8 மெகாபைட். நம் சின்ன ஃபிரேம்களில் இரண்டுதான் அதற்குள் அடங்கும், மூன்றாவது அடங்காது. ஃபோர்க் இன்னொரு கண்ணி: முன்பெல்லாம் ஃபோர்க்குக்குப் பிறகு பெற்றோர் எழுதினால் பெற்றோருக்குப் புதுப் பேஜும், வன்பொருளுக்குப் பழைய பேஜும் என்று பிரிந்துவிடும். அதைத் தவிர்க்கவே 2.6.16-இல், நினைவகத்தைப் பற்றிக் கெர்னலுக்குக் குறிப்புச் சொல்லும் மேட்வைஸுக்கு டோன்ட்ஃபோர்க் விருப்பம் வந்தது.

இந்தப் பாதை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு டர்ட்டி கௌ ஓட்டையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. எழுதுவதற்காகப் பேஜைக் கேட்கும் கெட்_யூசர்_பேஜஸ் பாதையில், தனிப்பிரதி எடுப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் நடுவே இன்னொரு திரெட் முந்திக்கொள்ளும் ஒரு போட்டி. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. 2007-இல் வந்த 2.6.22-இலிருந்தே இருந்த ஓட்டை, அக்டோபர் 2016-இல்தான் அடைபட்டது. நினைவக மேலாண்மையை நன்றாகத் தெரிந்தவர்கள் தொடர்ந்து திருத்திய குறிமுறையிலேயே இத்தனை ஆண்டு. பிடித்துவைப்பதற்கென்று தனி ஃபங்ஷனாகப் பின்_யூசர்_பேஜஸ் வந்ததே 5.6-இல், 2020-இல்தான், புதிதாக எழுதுபவர் டிஎம்ஏவுக்குப் பழைய கெட்_யூசர்_பேஜஸைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்துவைத்த பேஜ் இன்னும் பயனரின் வசம்தான் இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதலாம். படப் புள்ளிகள் என்றால் கவலை இல்லை, படம் கெட்டால் அவருக்குத்தான் நஷ்டம். கட்டளை, நீளம், முகவரி இவை அந்த பேஜில் இருந்தால், அவற்றைத் தனியாகப் பிரதி எடுத்த பிறகே நம்புங்கள்.

எம்மேப்: கெர்னலின் பஃபரைக் கொடுப்பது

என் கணக்கில் பெரிய தரவுக்கு இதுதான் பேஜைப் பிடிப்பதைவிட நல்ல தேர்வு. பஃபரை டிரைவரே ஒதுக்குகிறது. வன்பொருளுக்குத் தொடர்ச்சியான நினைவகம் வேண்டுமென்றால் அப்படியே ஒதுக்கலாம். பயனர் எம்மேப் செய்து பார்த்துக்கொள்கிறார். பேஜ் எங்கே போகும், ஃபோர்க்கில் என்ன ஆகும் என்ற குழப்பம் பெரும்பாலும் போய்விடும். லினக்ஸின் வீடியோ கருவிகளுக்கான வீடியோ4லினக்ஸ்2 இடைமுகம் இந்த முழுத் தேர்வையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது: ரீட் அழைத்தால் பிரதி, எம்மேப் முறையில் கெர்னல் பஃபர், யூசர்பிடிஆர் முறையில் பயனரின் பஃபரைப் பிடித்துவைத்தல், டிஎம்ஏபஃப் முறையில் இன்னொரு டிரைவரின் பஃபர்.

டிரைவர் எழுதுபவர் இங்கே கவனிக்க வேண்டியது எம்மேப் ஹேண்ட்லரை. பயனர் கேட்கும் நீளமும் தொடக்க இடமும் உங்கள் பஃபருக்குள் அடங்குகின்றனவா என்று சோதிக்காமல், நினைவகத்தைப் பயனரின் வெளியில் இணைக்கும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சை அழைத்தால், பக்கத்து நினைவகமும் சேர்ந்து போய்விடும். படிக்க மட்டும் கொடுப்பதாக நினைத்து எழுதும் கொடியை மட்டும் எடுத்தால் போதாது. விஎம்_மேரைட் கொடியையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனர் எம்ப்ரொடெக்ட் அழைத்து எழுதும் அனுமதியைத் தானே வாங்கிக்கொள்வார்.

இருமுறை படிக்கும் சிக்கல் இங்கேயும் முழுமையாக இருக்கிறது. பகிர்ந்த பஃபரில் பயனர் எழுதும் கட்டளையை டிரைவர் படித்தால், ரீட்_ஒன்ஸ் போட்டு ஒரே முறை உள் மாறியில் எடுத்து, அந்த மாறியைச் சோதித்து, அந்த மாறியையே பயன்படுத்த வேண்டும். ரீட்_ஒன்ஸ் இல்லாவிட்டால் கம்பைலரே மறுபடி நினைவகத்திலிருந்து படிக்கும்படி குறிமுறையை அமைக்கலாம். மூலக் குறிமுறையில் ஒரு வாசிப்பு, இயந்திரக் குறிமுறையில் இரண்டு. 5.1-இல் வந்த ஐஓயூரிங் என்ற உள்ளீட்டு-வெளியீட்டு இடைமுகம் பகிர்ந்த வளையத்தில்தான் கட்டளைகளை வாங்குகிறது. அதன் குறிமுறையில் ரீட்_ஒன்ஸ் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

பூட்டு பிடித்திருக்கும்போது

காப்பி_ஃப்ரம்_யூசர் தூங்கலாம். ஸ்பின்லாக் (பிடித்திருப்பவர் தூங்கக் கூடாத பூட்டு) பிடித்தபடி அழைக்கக் கூடாது. இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் கூடாது, அங்கே ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பயனரின் நினைவகம் என்பதே தற்செயல். காப்பி_ஃப்ரம்_யூசர்_நோஃபால்ட் என்று தூங்காத வகை ஒன்று உண்டு. பேஜ் இல்லையென்றால் உடனே தோல்வி சொல்லிவிடும். அது டிரேசிங் மாதிரியான வேலைக்கு, பேஜ் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்ற இடத்துக்கு. டிரைவரில் இதற்கான தேவை வந்தால், பெரும்பாலும் வரிசை தவறாக இருக்கிறது: பூட்டுக்கு முன்னால் பிரதி எடுத்துவிடுங்கள். டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் அமைப்போடு கெர்னலைக் கட்டிச் சோதித்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும். பயனர் பாயின்டர்களில் டபுள் அண்டர்ஸ்கோர் யூசர் குறிப்பைப் போட்டு, ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் நட்சத்திரக் குறித் தவறுகளும் பிடிபடும்.

இதே தேர்வு மற்ற இயங்குதளங்களிலும் உண்டு. விண்டோஸில் ஐஆக்டில் எண்ணிலேயே முறையைக் குறிக்கிறார்கள். பஃபர்ட் முறையில் ஐஓ மேனேஜரே பிரதி எடுத்துத் தரும். டைரக்ட் முறையில் எம்டிஎல் என்ற பேஜ் பட்டியல் வழியாகப் பேஜ்களைப் பூட்டித் தரும். நெய்தர் முறையில் வெறும் பாயின்டர் வரும், முகவரியைச் சோதிக்கும் ப்ரோப்ஃபார்ரீடும் விதிவிலக்குப் பிடிப்பும் டிரைவரின் தலையில். பிஎஸ்டி குடும்பத்தில் காப்பிஇன், காப்பிஅவுட். எல்லாவற்றிலும் எளிய வழி பிரதிதான்.

தொடங்கும் வரிசை

நொடிக்குச் சில நூறு கட்டளைகள், ஒவ்வொன்றும் நூறு பைட் என்றால் காப்பி_ஃப்ரம்_யூசர், யோசிக்கவே வேண்டாம். நெட்வொர்க் அனுப்புதலில் பிரதியைத் தவிர்க்க 4.14-இல் வந்த எம்எஸ்ஜி_ஜீரோகாப்பிக்கே, சுமார் 10 கிலோபைட்டுக்கு மேல்தான் பொதுவாகப் பலன் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. பெரிய தரவு ஓடும் கருவி என்றாலும் முதல் பதிப்பை ரீட், ரைட்டோடு பிரதி எடுத்தே எழுதி, பெர்ஃப் கருவியில் பிரதிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். அங்கே அது மேலே வந்து நின்றால் எம்மேப்பைச் சேருங்கள். பயனரே ஒதுக்கிய பஃபரில்தான் தரவு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும், கடைசியாகப் பேஜ்களைப் பிடிக்கும் வழி.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. லினக்ஸில் பயனர் நிரலுக்குக் கொடுத்த இடைமுகத்தைத் திரும்பப் பெற முடியாது. பிரதியில் தொடங்கிய டிரைவரில் எம்மேப்பைப் பிறகு சேர்க்கலாம்; பயனர் பாயின்டரைப் பிடித்துவைக்கும் ஐஆக்டிலை ஒருமுறை வெளியிட்டுவிட்டால், அதை நம்பி ஒரு நிரல் வந்துவிட்ட பிறகு எடுக்க முடியாது. வீடியோ4லினக்ஸ்2-இன் யூசர்பிடிஆர் முறையைப் புதிய டிரைவர்களில் ஊக்குவிப்பதில்லை. பழைய நிரல்களுக்காக அது இன்னும் இடைமுகத்தில் இருக்கிறது, அதைப் பராமரிக்கும் வேலையும் கூடவே இருக்கிறது.